பூஜையில் வைத்த சூப்

உணவுப் பாதுகாப்புத் துறையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். என்னிடம் கேட்க வந்த இளம் பெண் அதிகாரி மரியாதையானவர். "சார், உங்க சர்வீஸ்ல பெரிய ரெய்டு ஏதாச்சும் எழுதுங்க. கல் வச்சுப் பழுக்க வச்ச மாம்பழம், சாயம் போட்ட வத்தல், அந்த மாதிரி" என்றார். கையில் ஒரு டேப்லெட் வைத்திருந்தார். மாதிரி எடுத்த நிமிடம், பெட்டிக்குள் இருக்கும் குளிர், ஆய்வகம் போய்ச் சேர்ந்த நேரம் எல்லாம் அதில் தானாக ஏறிவிடும் என்று காட்டினார். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பெண் மேல் இல்லை. இந்தக் கருவி நான் வேலையில் இருந்தபோது வந்து தொலைந்திருக்கக் கூடாதா என்ற கோபம்.

அதனால் ரெய்டு எதுவும் எழுதப் போவதில்லை. ஒரு சூப் கடையை நான் மூடியதை எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எந்த அலுவலகம், யார் அதிகாரி என்று சொல்ல மாட்டேன். இதில் வெட்கப்பட வேண்டிய ஆட்களில் நானும் ஒருவன். என் பங்கை முழுசாக எழுதிவிடுகிறேன்.

நான் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்து, பயிற்சி முடித்து, ஊர் ஊராக மாறி, கடைசியில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவன். பயிற்சியில் மண்டையில் ஏற்றியது ஒன்றே ஒன்று: மாதிரி எடுப்பது எப்படி. கடைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எடுக்கும் உணவுக்கு விலை கொடுத்து ரசீது வாங்க வேண்டும். சம்பந்தமில்லாத ஒருவரைச் சாட்சி வைக்க வேண்டும். உணவை நாலு பங்காக்கி, நாலு பாட்டிலில் அடைத்து, தடித்த தாளில் சுற்றி, எண் போட்ட சீட்டை ஒட்ட வேண்டும். கடைக்காரரின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி தாளிலும் விழ வேண்டும். பிறகு நூல் கட்டி அரக்கு முத்திரை நாலு. ஒரு பங்கு ஆய்வகத்துக்கு, இரண்டு பங்கு மேலதிகாரிக்கு. கடைக்காரர் கேட்டால் நாலாவது பங்கு வேறொரு ஆய்வகத்துக்கு. இதில் ஒரு நூல் அவிழ்ந்தாலும் கோர்ட்டில் நிற்காது.

அது உண்மை என்பதை என் மேலதிகாரியிடம்தான் கற்றுக்கொண்டேன். மெல்லிய குரல், வெந்நீர் பிளாஸ்க், துடைத்துத் துடைத்துப் போடும் கண்ணாடி. யாரையும் அதட்ட மாட்டார். என்னை "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். எழுத்தில் ஒரு உத்தரவு அவரிடம் வாங்க முடியாது. நாம் என்ன செய்ய வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அதை நம் வாயாலேயே சொல்ல வைத்துவிடுவார். ஒரு பெரிய எண்ணெய் வியாபாரியின் கிட்டங்கியில் நான் மாதிரி எடுத்தேன். கலப்படம் மூக்குக்கே தெரிந்தது. கோப்பை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "சாட்சி கையெழுத்து சீட்டைத் தாண்டி இருக்கே தம்பி, கோர்ட்டுல உங்களத்தான் கிழிப்பாக" என்றார். முகத்தில் அம்புட்டு அக்கறை. கேஸ் போடவில்லை. நான் அதை என் தவறு என்றே நம்பி, அடுத்த மாதிரியிலிருந்து கோடு போட்டுக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தேன். எம்புட்டு இளிச்சவாயன் நான்!

இனி சூப் கடை. சிவகாசிக்கு வெளியே, அச்சாபீஸ்கள் நெருங்கிக் கிடக்கும் ஒரு தெருவில் ஆறு மேசை போட்ட சின்ன இடம். நடத்தியவர் ராஜேந்திரன், ஆமத்தூர்க்காரர். மலேசியாவில், பினாங்கில் ஒரு சீனரின் நூடுல்ஸ் சூப் கடையில் பாத்திரம் கழுவப் போய், மாவு பிசைந்து, கடைசியில் அடுப்பில் நின்றவர். ஊர் திரும்பி அதே சூப்பை இங்கே போட்டார். சிவப்புப் பலகை, மஞ்சளில் ஒரு டிராகன், கீழே சீன எழுத்தில் ஏதோ ஒன்று. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எங்க மொதலாளி கடைப் பேருதான் சார். எழுத்தைப் பாத்துப் பாத்து மனசுல நின்னுபோச்சு. தப்பா இருந்தாலும் இங்கன கண்டுபிடிக்க ஆளில்ல" என்றார். அவர் சீனாவைப் பார்த்ததே கிடையாது.

அவர் மனைவி கோமதி மேசை பார்ப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை செய்தவர். ஒரு தீயில் இடது கை முழங்கை வரை வெந்து, தோல் சுருங்கி ஒட்டியிருக்கும். கடை திறந்த அன்றுதான் ஆலை வேலையை விட்டாராம். "இனி செத்தாலும் மருந்து வாடைக்குப் போக மாட்டேன் சார். இஞ்சி வாடை, பூண்டு வாடை, இதுதான் நமக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தக் கடை அவருக்கு என்னவென்று எனக்கு அன்றே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

நான் அங்கே மாதம் இரண்டு முறையாவது சாப்பிட்டேன், காசு கொடுத்து. என் எல்லைக்குள் இருக்கும் கடையில் சாப்பிடுவதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தவன் நான். அந்த வாசனை அதை முறித்துவிட்டது. கோழி எலும்பும் இஞ்சியும் பூண்டும் அன்னாசிப் பூவும் காலை ஐந்து மணியிலிருந்து கொதிக்கும். மைதாவும் முட்டையும் பிசைந்து அன்றன்றைக்கு அவரே நூடுல்ஸ் வெட்டுவார். நாம் உட்கார்ந்த பிறகுதான் அது வெந்நீரில் இறங்கும். பீங்கான் கிண்ணத்தில் நூடுல்ஸ், மேலே பிய்த்த கோழிக்கறி, பாதி வெந்த முட்டை, வெங்காயத் தாள். எல்லாவற்றுக்கும் மேல் கொதிக்கக் கொதிக்கச் சூப். தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய பச்சை மிளகாய். நம் ஊரில் நூடுல்ஸ் என்றால் தள்ளுவண்டியில் சட்டி அதிர வதக்கித் தருவதுதானே! முதல் தடவை வருகிறவர்கள் கிண்ணத்தைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள்.

"யக்கா, இதைக் குடிச்சுட்டுத் திங்கணுமா, தின்னுட்டுக் குடிக்கணுமா?" என்று அச்சாபீஸ் ஆள் ஒருவர் விரலெல்லாம் நீல மையோடு கேட்டது நினைவிருக்கிறது.

"ரெண்டையும் சேத்து உறிஞ்சுங்கண்ணே. சத்தம் வந்தாத்தான் உள்ள நிக்கிற மனுசனுக்குச் சந்தோசம்" என்றார் கோமதி.

ஆறு மேசையும் உறிஞ்சும் சத்தத்தில் நிறைந்திருக்கும். நானும் உறிஞ்சினேன். சமையலறையை எட்டிப் பார்ப்பது என் தொழில் புத்தி. ஈ கிடையாது. வெட்டும் பலகை கறிக்கு ஒன்று, காய்க்கு ஒன்று. துடைக்கும் துணியைக் கூடக் கொதிநீரில் போட்டுத்தான் காயவைப்பார். என் முப்பது வருஷத்தில் அப்படி ஒரு அடுக்களையை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த வருஷம் தீபாவளி சீசனில் சீனப் பட்டாசு திருட்டுத்தனமாக உள்ளே வருகிறது என்று இந்தப் பக்கம் முழுக்கக் கொதித்துக் கிடந்தது. கோபம் நியாயம்தான். ஊரே அந்தத் தொழிலில் சாப்பிடுகிறது. ஆனால் கண்டெய்னரில் கொண்டுவந்தவன் யாரென்று தெரியாது, தெரிந்தாலும் கிட்டே போக முடியாது. கண்ணுக்குத் தெரிந்தது டிராகன் போட்ட பலகை ஒன்றுதான். முதலில் யாரோ அதன் மேல் சாணி அடித்தார்கள். பிறகு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மொட்டை மனு வந்தது. நாய்க்கறி போடுகிறார்களாம். பிளாஸ்டிக் நூடுல்ஸாம். நம் பிழைப்பைக் கெடுத்த சீனாக்காரனுக்கு நம் ஊரில் கடையா என்று கடைசி வரி. ஆமத்தூர் ராஜேந்திரன்தான் அந்தச் சீனாக்காரன்.

அதிகாரி மனுவை என் பக்கம் நகர்த்தினார். "யாரோ ஒரு பெரிய மனுசர் போன்லயும் கேட்டாக தம்பி. ஊரு சூடா இருக்கு. ஒரு மாதிரி எடுத்துட்டா நமக்கும் பதில் இருக்கும், அவருக்கும் நல்லதுதானே?"

நல்லதுதான் என்று நானே சொன்னேன். சோதனையில் சுத்தம் என்று வந்தால் மனுக்காரன் வாய் அடைபடும், கடை தப்பிக்கும் என்று கணக்குப் போட்டேன்.

"கிருமி டெஸ்டுக்கே அனுப்பிருங்க. பார்மலின் சேக்க வேண்டாம்" என்றார். அதுவும் விதிதான். கெட்டுப்போகும் உணவு மாதிரியில் கெடாமல் இருக்கப் பார்மலின் சொட்டுவோம். கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அதைச் சேர்க்கக் கூடாது. பதிலுக்கு ஐஸில் வைத்து உடனே அனுப்பியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை பகல் போனேன். என் தோள்பையையும் பாட்டில்களையும் பார்த்ததும் கோமதியின் முகம் மாறியது. ராஜேந்திரன் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நோட்டீஸ், ரசீது, சாட்சி, எல்லாம் ஒழுங்கு. பெரிய சட்டியைக் கலக்கச் சொல்லி, கிருமி நீக்கிய நாலு பாட்டிலில் சூப்பை நிரப்பினேன். படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: நாலாவது பங்கை வேறு ஆய்வகத்துக்கு அனுப்ப விரும்புகிறீர்களா?

"அது எதுக்கு சார்?" என்றார் ராஜேந்திரன்.

"உங்களுக்கு அது தேவையே இல்ல. உங்க அடுக்களை எனக்குத் தெரியாதா? வேண்டாம்னு போட்டுருங்க."

போட்டார். நான் காட்டிய இடத்தில் காட்டியபடி கையெழுத்துப் போட்டார். அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பை நல்ல மனசோடு நானே பிடுங்கிக் கீழே போட்டேன். கெட்டவன் செய்தால் கூட அவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

முத்திரை வைத்து முடிக்க மணி இரண்டு. பசி. "சாப்பிட்டீகளா சார்?" என்றார் கோமதி. தயங்கித் தயங்கித்தான் கேட்டார். நான் உட்கார்ந்தேன். மாதிரி எடுத்த அதே சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. அதைக் குடித்து, இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். அவர்கள் பயத்தைப் போக்க வேண்டும் என்று கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே உறிஞ்சினேன். கோமதி அப்போதுதான் லேசாகச் சிரித்தார். காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அலுவலகம் திரும்பினால், வாசலில் வாழைக்கன்று. அடுத்த திங்கள் ஆயுத பூஜை, செவ்வாய் விஜயதசமி. நாலு நாள் வரிசையாக விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பூஜை. ஜீப்புக்கு மாலை. மேசையில் அரக்குக் குச்சி, முத்திரை, தராசு, பதிவேடுகள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மாதிரி வைக்கிற பழைய பிரிட்ஜைக் கூடத் துடைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். துடைப்பதற்காகப் பிடுங்கிய பிளக் பிடுங்கியபடியே தொங்கியது.

பாட்டில்கள் இருந்த ஐஸ் பெட்டியோடு நான் அதிகாரி முன்னால் நின்றேன். "சார், ஆபீஸ் அசிஸ்டென்டை இப்பவே பஸ்ஸுல அனுப்பிருவோம். இல்ல, நானே போறேன். ஆய்வகத்துல வாங்கிக்க ஆள் இருக்கான்னு கேட்டுட்டேன், இருக்காக" என்றேன்.

அவர் எழுந்து வந்தார். என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, பொரியும் சுண்டலும் இருந்த மேசையில் முத்திரைக்குப் பக்கத்தில் வைத்தார். தன் விரலால் அதன் மேல் குங்குமம் இட்டார். "இதுவும் நம்ம தொழில்தானே தம்பி. பூஜையில இருக்கட்டும்."

"சார், கெட்டுப்போயிரும். ஐஸ் கரையுது."

"பூஜையில வச்சதை எடுப்பீகளா? உங்க வீட்ல பிள்ளைக புஸ்தகத்தை வச்சா, விஜயதசமிக்கு முன்னால எடுக்க விடுவீகளா?" என்றார். குரல் உயரவே இல்லை. சூடம் காட்டினார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே நடந்திருக்கலாம். மாதிரி எடுத்தவன் நான். அனுப்பும் பொறுப்பு சட்டப்படி என்னுடையது. என்ன செய்துவிடுவார்? ஒரு மெமோ கொடுப்பார், ஒரு மாறுதல் போடுவார். சரஸ்வதிக்கு அழுகிய சூப்பா கேட்டது? ஆனால் நான் தட்டில் கொடுத்த சுண்டலை வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். இதை எழுதும்போது என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

புதன்கிழமை காலை பூஜை அறையாக இருந்த இடம் மறுபடி அலுவலகமானது. பெட்டிக்குள் ஐஸ் ஒரு துண்டு கூட மிச்சமில்லை. பாட்டில் மூடிகள் உப்பியிருந்தன. மேலே சுற்றிய தாளைத் தாண்டி வாடை வந்தது. ஐந்து நாள், ஐப்பசி கூடப் பிறக்காத விருதுநகர் வெயில். அதிகாரி புது ஐஸ் வாங்கிவரச் சொல்லி, பெட்டி நிறையப் போட வைத்தார். பிறகு என்னை உட்கார வைத்து மெல்லச் சொன்னார்: "'ஐஸில் வைத்து அனுப்பப்படுகிறது'ன்னு எழுதுங்க தம்பி. பொய் இல்லையே?"

பொய் இல்லை. ஐஸில் வைத்துத்தான் அனுப்பினோம், புதன்கிழமை வைத்த ஐஸில். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீட்டில் கோடு தாண்டாமல், அவர் கற்றுக்கொடுத்தபடி.

அறிக்கை வந்தது. முத்திரை சரி, பெட்டியில் ஐஸ் சரி, சூப் உண்பதற்குத் தகுதியற்றது, பாதுகாப்பற்றது. பூட்டுப் போட நான்தான் போனேன். பேப்பரில் "சீன உணவகத்தில் கெட்டுப்போன சூப், அதிகாரிகள் அதிரடி" என்று போட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்று ராஜேந்திரனிடம் சொன்னேன். எதை வைத்துச் செய்வது? மீதி மூன்று பாட்டிலும் அதே பெட்டியில் அதே பூஜையில் இருந்தவைதானே. அவர் என்னிடம் சண்டை போடவில்லை. "நான் எங்க சார் தப்பு விட்டேன்? எலும்புலயா, தண்ணியிலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தன் கை வேலையிலேயே சந்தேகம் வந்துவிட்டது அந்த மனிதருக்கு. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இதற்கு மட்டும் என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

மேலதிகாரி உரிய காலத்தில் பதவி உயர்வு பெற்று, சால்வை மாலையோடு ஓய்வு பெற்றார். அந்த விழாவில் அவருடைய நேர்மையைப் பற்றி நானும் இரண்டு நிமிடம் பேசினேன். அந்தப் பேச்சும் என் கணக்கில்தான் சேரும்.

அந்தப் பெண் டேப்லெட்டைக் காட்டிவிட்டுப் போனார். மறுநாள் பஸ் ஏறி ஆமத்தூருக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ராஜேந்திரன் மறுபடி பினாங்குக்குப் போய்விட்டார். இந்த வயதில் அடுப்பில் நிற்க விடவில்லையாம். பாத்திரம் கழுவும் வேலையாம். வேலை முடிந்து கோமதி ஆலை வேனில் வந்து இறங்கினார். அலுமினியப் பொடி நகத்திலும் புருவத்திலும் மின்னியது. வெந்து சுருங்கிய அந்தக் கையிலும் அது அப்பியிருந்தது. எந்த வாடைக்குச் செத்தாலும் போக மாட்டேன் என்றாரோ அந்த வாடைதான் வீட்டு வாசலில் அடித்தது.

"வாங்க சார்" என்றார். நாற்காலி போட்டார். நான் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னேன். மனு, போன், பிளக் பிடுங்கிய பிரிட்ஜ், குங்குமம், புதன்கிழமை ஐஸ். உங்கள் சூப்பில் ஒரு குறையும் இல்லை, அழுகியது எங்கள் அலுவலகத்தில்தான் என்று சொன்னேன். அவர் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"பூஜை கதையெல்லாம் இருக்கட்டும் சார். அது உங்க ஆபீஸ் சங்கதி" என்றார். "அன்னிக்கு அதே சட்டியில ரெண்டு கிண்ணம் குடிச்சீகள்ல?"

"ஆமா."

"வயித்துக்கு ஏதும் செஞ்சுச்சா?"

"இல்லம்மா."

"அதை அன்னிக்கே வந்து சொல்லிருக்கலாம்ல? பாட்டிலு நாலும் கெட்டுப்போச்சு, சரி. அஞ்சாவது பாட்டிலு நீங்கதான சார். உங்கள எங்கன வச்சுப் பூட்டுனாக?"

கோமதி கை துடைத்த துணியைக் கொடியில் போட்டார். "அவருக்குப் போன் போட்டுச் சொல்றேன். தன் கையில தப்பில்லன்னு தெரியாமலே இம்புட்டு நாளும் இருக்காரு" என்று உள்ளே போய்விட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அது எனக்குச் சரியாகவே பட்டது.

மலர் போடும் பிள்ளைகளுக்கு: இந்தக் கட்டுரையை நீங்கள் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் கீழே இருப்பதை அந்தக் கடையின் கோப்பில் சேர்த்துவிடுங்கள். தனியாகவும் ஒரு பிரதி, சாட்சிக் கையெழுத்தோடு, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

மேற்படி கடையில் மாதிரி எடுத்த அலுவலரான நான், மாதிரி எடுத்த அதே சட்டியிலிருந்து, எடுத்த கையோடு, இரண்டு கிண்ணம் சூப் குடித்தேன். அன்றும் மறுநாளும் அதன் பிறகும் எனக்கு ஒரு குறையும் ஏற்படவில்லை. சூப் நன்றாக இருந்தது.